யார் அந்த 'தே'? ஆங்கில இலக்கணப் பயிற்சி: உத்திரமேரூரிலிருந்து ஒரு வாசிப்பு

1

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும், டிகிரி முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் ஒரே டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்குச் செயப்பாட்டுவினை. 'த ரோடு வாஸ் வைடன்ட்' என்று ஒரு வாக்கியம். சாலை அகலப்படுத்தப்பட்டது. இதைச் செய்வினையாக மாற்ற வேண்டும். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அண்ணா, இதுல 'பை' போட்டு ஆளையே சொல்லலையே, எழுவாய்க்கு என்ன போடுறது?" கைடைப் புரட்டினோம். 'தே வைடன்ட் த ரோடு' என்று விடை இருந்தது. அவள் விடவில்லை. "யாருண்ணா அந்த 'தே'?"

வகுப்பே சிரித்தது. சாலையை அகலப்படுத்தியபோது யாருடைய வீட்டுத் திண்ணை போனது, யாருடைய மதிற்சுவர் தப்பித்தது என்பதெல்லாம் அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் தேர்வு அதைக் கேட்கவில்லை. எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் இருந்தால் போதும், ஆள் யார் என்பது அதற்கு வேண்டாம்.

நாவலையும் கவிதையையும் கட்டுடைத்துப் பார்க்கப் பழகிய நாம், லட்சக்கணக்கான பிள்ளைகள் அன்றாடம் வாசிக்கிற இந்தப் பிரதியைத் தொட்டதே இல்லை. இலக்கணப் பயிற்சிக்கு அரசியல் கிடையாது, அது வெறும் கருவி என்ற நினைப்பு நம்மிடமும் இருக்கிறது. பயிற்சிப் புத்தகத்தையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம்.

2

முதலில் ஒரு மூலநூல். ரென் அண்ட் மார்ட்டின். வீட்டில் நான்கு புத்தகம் இருந்தால் அதில் ஒன்றாக இது இருந்த காலம் உண்டு. 1935இல் வெளிவந்த இந்த நூலின் ஆசிரியர்களில் ஒருவரான பி.சி. ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறை அதிகாரியாக இருந்தவர். பிரெஞ்சு அந்நியப் படையின் சாகசங்களைச் சொல்லும் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை 1924இல் எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். பாலைவனக் கோட்டையில் ஏகாதிபத்தியத்துக்காகச் சாகும் கனவான்களைப் படைத்த அதே கைதான் நமக்கு எழுவாய், பயனிலை சொல்லித் தந்தது. அதற்காக அவர் சொன்ன இலக்கணம் தப்பு என்று வாதிட வரவில்லை. விதிகள் சரிதான். விதிக்கு எடுத்துக்காட்டாக வரும் வாக்கியங்களைக் கேள்வி கேட்காமல் ஏற்கப் பழகிவிட்டோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இன்றைய கைடுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் வாக்கியங்களில் ராமன் பாம்பைக் கொல்கிறான். ராணி பாட்டுப் பாடுகிறாள். மாணவன் பரிசு பெறுகிறான். யாருக்கும் சாதி கிடையாது, கடன் கிடையாது. ஏரி மடை அடைபட்டது குறித்தோ, நூறு நாள் வேலையில் கூலி தாமதமானது குறித்தோ, கம்பெனி பஸ் வராமல் போனது குறித்தோ ஒரு வாக்கியம் இருக்காது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பும் இல்லை. ஐம்பது வாக்கியத்தை ஒரு பெண் மாற்றி எழுதிவிட்டு எழுந்துபோகலாம். தன்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்கூட அவள் எழுதியிருக்க மாட்டாள்.

வங்கி எழுத்தர் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். ஒரு கேள்விக்கு நாற்பது நொடி. நாற்பது நொடியில் யாரும் மொழியை யோசிக்க முடியாது, அடையாளத்தைத்தான் கண்டுபிடிக்க முடியும். 'சின்ஸ்' வந்தால் இது, 'யெஸ்டர்டே' வந்தால் அது. தேர்வு என்பது மனிதரைப் பார்வைக்குள் கொண்டுவந்து, அளந்து, வரிசைப்படுத்தி, ஆவணமாக்கும் ஓர் அதிகாரத் தொழில்நுட்பம் என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். அவர் பாரிசில் உட்கார்ந்து சொன்னதை நம் பிள்ளைகள் தங்கள் பாஷையில் சொல்கிறார்கள்: "இங்கிலீஷ் வேற, இங்கிலீஷ் எக்ஸாம் வேற அண்ணா."

3

இனி 'பிழை'க்கு வருவோம். நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தப்புச் செய்யும் இடங்கள் எவை? 'ஏ', 'ஆன்', 'த' என்கிற ஆர்டிக்கிள். 'ஹூ', 'விச்' போட்டு இரண்டு வாக்கியத்தைச் சேர்ப்பது. வாக்கியத்தின் வாலில் ஒட்டுகிற குவெஸ்சன் டேக். இதை அறியாமை என்கிறார் ஆசிரியர். மரமண்டை என்கிறவரும் உண்டு.

கொஞ்சம் தள்ளி நின்று, சீன மொழி பேசும் ஒரு தேர்வரைப் பாருங்கள். அவரும் அநேகமாக இதே இடங்களில்தான் விழுகிறார். காரணம் எளிது. தமிழிலும் ஆர்டிக்கிள் இல்லை, சீனத்திலும் இல்லை. 'நேற்று வந்த பையன்' என்று நாம் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். சீனமும் அப்படியே 'நேற்று வந்த' என்பதை முன்னால் வைத்துப் பையனைப் பின்னால் வைக்கிறது. ஆங்கிலம் பையனை முதலில் நிறுத்திவிட்டு, அப்புறம் 'ஹூ' போட்டுச் சங்கதியைச் சொல்கிறது. நமக்கு 'இல்லையா' என்ற ஒரு சொல் எல்லா வாக்கியத்துக்கும் போதும். சீனத்திலும் அப்படி ஒரே வடிவத்தில் கேட்டுவிடலாம். ஆங்கிலத்திலோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேறு வேறு வால். நம்மவர் எதற்கெடுத்தாலும் 'இஸ்ன்ட் இட்' என்பது தமிழின் 'இல்லையா' ஆங்கில உடுப்புப் போட்டு வருவதுதான்.

வேறுபாடும் உண்டு. சீன வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ வடிவம் மாறாது. தமிழ் வினையோ வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் என்று திணை, பால், எண், இடம் எல்லாவற்றையும் வாலில் சுமக்கிறது. இத்தனை விகுதியை ஐந்து வயதுக்குள் பிழையின்றிப் பழகிய பிள்ளை, படர்க்கை ஒருமைக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'எஸ்' போட மறக்கிறது என்றால் குறை பிள்ளையிடம் இல்லை. 'உனக்கு இது ஏற்கெனவே தெரியும், உன் மொழியில் இதைவிடப் பெரிசாக இருக்கிறது' என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. தமிழ் இலக்கண வகுப்பு ஒரு பக்கம், ஆங்கில இலக்கண வகுப்பு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் கதவில்லாத சுவர்.

பிழைகள் நேராகிற இடமும் ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கத்து மின்னணு ஆலைகளுக்குத் தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் பொறியாளர்கள் வந்து வேலை செய்திருக்கிறார்கள். அவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகளும் பேசிக்கொள்ள இருந்த பொதுமொழி ஆங்கிலம். இரண்டு பக்கமும் ஆர்டிக்கிள் விழுந்துபோகும், டென்ஸ் தடுமாறும். ஆனாலும் வேலை நடக்கும். அந்த ஆங்கிலத்தைத் தேர்வில் எழுதினால் இருவருமே ஃபெயில். உற்பத்திக்குப் போதுமான மொழி, பதவிக்குப் போதாது. அப்படியானால் ஆர்டிக்கிள் அங்கே யாரை நிறுத்தி வைக்கப் பயன்படுகிறது?

சீனத்திலும் இது பெரிய வியாபாரம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் மொத்தம் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150 என்பது அங்கே நெடுங்காலமாக நிலைத்த ஏற்பாடு. 1993இல் பெய்ஜிங்கில் யூ மின்ஹோங் தொடங்கிய 'நியூ ஓரியண்டல்' ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியை வைத்தே மாபெரும் நிறுவனமானது. 2021இல் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்கு டியூஷனை ஒரே ஆணையில் நிறுத்தியது. பயிற்சிக் கடைகள் மூடப்பட்டன. தேர்வு மூடப்படவில்லை. வசதியுள்ளவர்கள் வீட்டுக்குள் ஆசிரியரை வரவழைத்தார்கள். வாசலை அப்படியே விட்டுவிட்டு வாசலில் கடை போட்டவனை மட்டும் விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

4

வாசல் என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் இருக்காது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள். குடவோலை முறை. உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்த ஊர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் இந்தக் கல்வெட்டைத்தான் எடுத்துக் காட்டினார்.

கல்வெட்டின் தகுதிப் பட்டியலை யாரும் மேடையில் முழுசாகப் படிப்பதில்லை. வாரியத்துக்குப் பெயர் எழுதிக் குடத்தில் போட வேண்டுமென்றால் இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் இருக்கிறது என்றால் ஒரு சலுகை உண்டு: ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றுப் பிறருக்குச் சொல்லும் வல்லமை இருந்தால் போதும். அதாவது நிலத்துக்கு ஈடாக மொழி. பாதி நிலத்தின் விலை ஒரு சமஸ்கிருதப் படிப்பு. மொழியை மூலதனம் என்று சமூகவியலாளர் சொல்வதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே இங்கே கல்லில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. ஏரி வாரியம் இருந்தது. ஏரியில் மண் அள்ளியவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை.

வாசலில் நிற்கும் மொழி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1812இல் சென்னையில் எல்லிஸின் முயற்சியால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியபோது தேர்வெழுதியவர் வெள்ளைக்காரர், பாடம் தமிழும் தெலுங்கும். 1763இல் நவாபிடமிருந்து கம்பெனி வாங்கிய செங்கல்பட்டு ஜாகிர் போன்ற சீமைகளில் வரி வசூலிக்க அந்த மொழிகள் தேவைப்பட்டன. மிராசு உரிமை பற்றி நீண்ட விளக்கம் எழுதியவரும் அதே எல்லிஸ்தான். 1835இல் மெக்காலேயின் குறிப்பு. 1855இலிருந்து இந்திய சிவில் சர்வீசுக்கு லண்டனில் போட்டித் தேர்வு. தேர்வெழுதும் ஆள் மாறினார், கேட்கப்படும் மொழி மாறியது. மொழிக்கும் நிலத்துக்கும் இருந்த உறவு மாறவில்லை.

இந்த உறவைச் சரியாகப் படித்தவர் நம் பக்கத்து மண்ணிலேயே பிறந்திருக்கிறார். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்துக்காரர் இரட்டைமலை சீனிவாசன். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் ஏககாலத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 1893இல் கூட்டம் போட்டு எதிர்த்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியவர். 'வெள்ளையனுக்கு வால் பிடித்தார்' என்று இன்றும் சிலர் எழுதுவார்கள். அவர் கேட்டது வேறு: தேர்வு எல்லோருக்கும் பொது என்கிறீர்களே, தேர்வுக் கூடத்துக்குள் யார் வந்து உட்கார்வார்? உட்கார்ந்து ஜெயித்து வந்தவர் எங்களை எப்படி ஆள்வார்?

5

இங்கே இரண்டு தரப்பாரோடு சண்டை இருக்கிறது.

ஒரு தரப்பு சொல்கிறது: ஆங்கிலம் அடிமை மொழி, தாய்மொழி போதும். 2021 டிசம்பரில் தமிழக அரசு தன் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி, 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்றத் தாள் திருத்தப்படும் என்று ஆணையிட்டது. குரூப் 4இல் அதுவரை பொதுத் தமிழ், பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றை எடுக்கலாம் என்றிருந்தது போய்த் தமிழ் மட்டும் ஆனது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று பேசுகிறவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்கக் கூடாதா? வங்கி, மத்திய அரசுப் பணி, உயர்நீதிமன்றம், ஆராய்ச்சி இங்கெல்லாம் ஆங்கிலம் அப்படியே நிற்கிறது. தான் உள்ளே போய்விட்டு, வெளியே நிற்கிறவனிடம் 'உள்ளே ஒன்றும் இல்லை' என்பது விடுதலை அரசியல் ஆகாது.

தமிழையும் புனிதமாக்க வேண்டியதில்லை. வந்தான், வந்தார் என்ற இரண்டு விகுதிக்குள் இந்த ஊரின் தெருக்கள் முழுவதும் அடங்கியிருக்கின்றன. கிழவனைச் சின்னப் பையன் 'வாடா' என்று கூப்பிட்ட காலம் ரொம்பத் தொலைவில் இல்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. தலித் இளைஞன் ஒருவன் அந்த 'யூ'வில் ஒரு மூச்சுக் காற்றை உணர்கிறான் என்றால் அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. அம்பேத்கர் தம் பெரிய நூல்களையெல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதினார்.

இன்னொரு தரப்பு ஆங்கிலத்தையே விடுதலை என்கிறது. அவர்களிடம் கேட்பது: எந்த ஆங்கிலம்? கைடு கற்றுக் கொடுக்கிற ஆங்கிலமா? அது ஆளைப் பேச வைப்பதில்லை, டிக் அடிக்க வைக்கிறது. தேறியவனுக்கு நாற்காலி தருகிறது. தேறாத பெரும்பான்மைக்கு 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்ற ஆயுள் முழுவதுக்குமான வெட்கத்தைத் தந்து கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறது. அந்த வெட்கம்தான் இந்தப் பயிற்சியின் உண்மையான விளைபொருள் என்று எனக்குப் படுகிறது. தன்மேலேயே பழி போட்டுக்கொள்பவன் அமைப்பின் மேல் கேள்வி வைப்பதில்லை.

6

அப்படியானால் என்ன செய்வது? இலக்கணம் நமக்கு எங்கே தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பரில் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு ஆதாரம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அறிக்கை ஆங்கிலம், ஆணை ஆங்கிலம். அந்த நிபந்தனையின் உயிர் 'தவிர' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. 'எக்செப்ட்', 'அன்லெஸ்', 'புரொவைடட் தட்' என்று கைடில் கோடிட்ட இடத்தை நிரப்பும் சொற்கள், நிலத்தாளில் வரும்போது ஏக்கர் கணக்கில் எடை கூடிவிடுகின்றன. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தது, நூறு ஆண்டு முன்பு எழுதப்பட்ட ஒரு 'தவிர'வை நடைமுறைப்படுத்தக் கேட்டதற்காக என்றும் வாசிக்கலாம்.

செயப்பாட்டுவினையையும் இப்படிப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 'அறிவிக்கப்பட்டது' என்று நானே எழுதுகிறேன் பாருங்கள். அன்றிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடினார்கள். நிலம் எடுப்பு அறிவிப்புகளின் மொழியைக் கவனியுங்கள். நிலம் தேவைப்படுகிறது, கையகப்படுத்தப்படுகிறது, இழப்பீடு வழங்கப்படும், ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்படும். யாருக்குத் தேவை? யார் எடுப்பது? யார் பரிசீலித்தார்? பேச்சுத் தமிழில் நாம் இப்படிப் பேசுவதே இல்லை. "என் நிலத்தை எடுத்துட்டாங்க" என்போம். அந்த 'ஆங்க'வில் ஒரு கூட்டமாவது தெரியும். 'படு' போட்ட எழுத்துத் தமிழ், ஆளே இல்லாத அலுவலக ஆங்கிலத்தின் பக்கத்து வீட்டுக்காரன். எழுவாயை மறைப்பது அரசின் இலக்கணம். மறைந்த எழுவாயைத் தேடுவது அரசியலின் இலக்கணம்.

ஆகவே வகுப்பைக் கைவிட வேண்டாம், பயிற்சியைக் கைவிட வேண்டாம், மதிப்பெண்ணையும் கைவிட வேண்டாம். மதிப்பெண்ணைக் கைவிடு என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? வீட்டில் முதல் பட்டதாரி அவள். தேறவில்லை என்றால் அடுத்த வருடம் கல்யாணம். நாம் செய்யக்கூடியது இதுதான். அதே செயப்பாட்டுவினையை நிலம் எடுப்பு அறிவிப்பை வைத்துச் சொல்லித் தருவது. 'அன்லெஸ்' என்பதைப் பஞ்சமி நிபந்தனையை வைத்து. 'ஹூ' என்பதைப் பெயரெச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து. பிழை வரும் இடத்தில் 'உன் தாய்மொழி இங்கே குறுக்கே வருகிறது, அது உன் மூளைக் குறைவு இல்லை' என்று சொல்வது. கைடின் வாக்கியத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் வாக்கியம் ஒன்று. நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. போர்ஷன் முடிவதில்லை. இதற்கு ஆயத்தப் புத்தகம் கிடையாது. எழுத வேண்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிற நாம்தான். கவிதைத் தொகுப்புப் போடுகிற நாலு பேர் சேர்ந்தால் இப்படி ஒரு பயிற்சி நூல் போட முடியாதா?

இப்போது எங்கள் வகுப்பில் நோட்டு நடுவே ஒரு கோடு. இடது பக்கம் தேர்வு விடை. வலது பக்கம் நம் விடை. அந்தப் பெண் இடது பக்கத்தில் 'தே வைடன்ட் த ரோடு' என்று எழுதினாள். அதற்கு ஒரு மார்க் உண்டு. வலது பக்கத்தில் சாலையை அகலப்படுத்திய துறையின் பெயரை எழுதினாள். கீழே இடிந்த வீடுகளை ஒவ்வொன்றாக எழுதினாள். ஆர்டிக்கிள் இரண்டு இடத்தில் விட்டுப் போயிருந்தது. திருத்திக் கொடுத்தோம்.